மூன்று ஏக்கருக்குப் பெரிய தட்டு

"பெரிசையே மாட்டுங்க," என்றாள் ஓவியா.

வாடகைக்கு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்த கலையரசன், முறம் அளவு கம்பிச்சுருள் தட்டைத் தடியின் முனையில் திருகினான். "மூணு ஏக்கரையும் இது சீக்கிரம் முடிச்சிடும். ஆனா குந்துமணி சைஸ் பொருள்னா தப்பிடும்ங்க. எடம் தெரிஞ்சா சின்னதப் போடலாம்."

இடம் தெரியாமல் என்ன? நேற்று இந்தக் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும்போது அம்மா கன்னியம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது வேப்பமரத்தடியில்தான். மூச்சு விடட்டுமென்று கழுத்துப்பக்கம் துணியைத் தளர்த்தியவள் கூட வேலை செய்த சரசு. ஆஸ்பத்திரியில் பார்த்தால் கழுத்தில் தாலிச்சரடே இல்லை, உயிரும் இல்லை.

"மரத்தாண்டதாம்மா அறுந்து உழுந்திருக்கும்," என்று காலையிலேயே வீட்டில் சரசு தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவ கை காட்ற எடத்துல தேடுவியா நீ? எங்க பொதைச்சு வெச்சாளோ, மொத்தக் கொல்லையும் பாரு," என்றாள் பெரியம்மா ஜோதியம்மாள். பொன் தாலி இல்லாமல் எடுக்க விடமாட்டேன் என்று அப்பா அம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஓவியா பெரியம்மா பேச்சைத்தான் கேட்டாள். வேங்கிக்காலில் கவர்மெண்ட் ஆபீஸ் உத்தியோகம், பெரிய படிப்பு, இருந்தும் அவளுக்கு என்ன பிரயோஜனம்!

பெரிய தட்டு கொல்லை முழுக்கக் கத்தியது. ஆணி, ஏர்க்கொழுத் துண்டு, சோடா மூடி. வெயில் ஏறிக்கொண்டே போனது. வீட்டிலிருந்து தம்பி அன்பரசன் போன் பண்ணினான்.

"அக்கா, சரசக்காவ பொடவைய உதறிக் காட்டச் சொல்லிட்டாங்க பெரியம்மா. எல்லார் எதிர்லயும்."

"நீ என்னடா பண்ண?"

"அதுக்குள்ள உதறிட்டாங்கக்கா."

ஓவியா கலையரசன் பக்கம் திரும்பினாள். "சின்னதப் போடுங்கண்ணா. மரத்தாண்ட வாங்க."

சாசர் அளவு தட்டு மரத்தடிக்கு வந்ததுமே மெல்லக் கூவியது. விரலால் மண்ணைக் கிளறினாள். அறுந்த மஞ்சள் சரடு, அதில் தாலி. சந்தோஷப்படக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது. மண்ணோடு அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

புதுச் சரட்டில் கோத்து அப்பா கட்டினார். மேளம் எழும்பியது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். பெரியம்மாதான் சத்தமாக அழுதாள். சரசு பந்தலுக்கு வெளியே நின்றிருந்தாள்.

ஓவியா கைநிறைய அரிசியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள். "வாங்கக்கா. நீங்க போடாம அம்மா எப்பிடிப் போவும்?"

சரசு அரிசியைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"நீயே போட்டுடும்மா. அப்பறம் அரிசி கொறஞ்சிதுன்னு சொல்லுவாங்க."

தூக்கப் போகிறார்கள் என்று அன்பரசன் கூப்பிட்டான். ஓவியா நீட்டிய கையை மடக்காமல் நின்றாள்.