காலைத் தூக்கச் சொன்னார்கள்

முட்டி வீங்கி வருகிறவன் சொல்லும் முதல் காரணத்தை நான் நம்புவதில்லை. வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நைட் டூட்டி நர்ஸாக இருந்தபோது வந்த பழக்கம் இது. பாத்ரூமில் வழுக்கியதாகச் சொல்கிறவர்களில் பாதிப் பேரை யாரோ அடித்திருப்பார்கள். பைக்கிலிருந்து விழுந்தவனின் பைக்கில் ஒரு கீறல் இருக்காது. எல்லோருக்கும் பிடித்த பொய் படிக்கட்டு. அந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லை, பாதியில் விட்டுவிட்டேன். இப்போது மலைமேல் ஜமுனாமரத்தூரில் அக்கா ஜெப்சியின் மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை போன பிறகும் பழக்கம் போகவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா போளூருக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். கடை எதிரில் ஒரு ஷேர் ஜீப் வந்து நின்றது. முதலில் ஒரு பெரியவர் இறங்கினார். அடுத்து ஒரு பெண். கடைசியாக ஓர் இளைஞன், ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தரையில் ஊன்றாமல் நொண்டி நொண்டி இறங்கினான். மற்ற இருவரும் கை கொடுக்கவில்லை.

இளைஞனை எனக்குத் தெரியும். நவீன்குமார். பக்கத்து ஊரில் சாமை போடுகிறவன். புளி சீசனில் மரம் ஏறி உலுக்குவான். அந்தப் பெண் அவன் மனைவி சசிகலா. பெரியவர் அவளுடைய அப்பா வேடியப்பன், நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்திருந்தார். அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளேயிருந்து புடவைத் தலைப்பு எட்டிப் பார்த்தது. மகளின் பை. மருமகன் மருந்துக்கடைக்குப் போவதற்கு மகளின் புடவை எதற்கு?

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"விழுந்துட்டேண்ணா."

"எங்க இருந்து?"

நவீன்குமார் மனைவியைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், பிறகு என் கடையின் தகரக் கூரையைப் பார்த்தான்.

"ஏரோப்ளேன்ல இருந்து."

வேடியப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் துளியும் இல்லை. "கேட்டியா தம்பி? நேத்துல இருந்து இதத்தான் கேட்டுகினு கீறேன். இப்ப நீயும் கேட்டுக்க."

சசிகலா சிரிக்கவில்லை. "முட்டியப் பாருங்கண்ணா. பாத்துட்டு உண்மைய சொல்லுங்க. இவரு ஓடி விழுந்தாரா, குதிச்சு விழுந்தாரா, எது?"

அவள் எதைக் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. இந்த மலையில் ஓர் ஆண் சில வாரம் காணாமல் போய் நொண்டிக்கொண்டு திரும்பினால், எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை. ஆந்திரா. செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் புரோக்கர், வீட்டில் சொல்வதற்கு ஒரு வேலையையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பான். ரோடு வேலை, மாந்தோப்புக் காவல், கோழிப்பண்ணை. பிடிபட்டவன் ஜெயிலுக்குப் போவான். போலீஸைப் பார்த்து இருட்டில் ஓடினவன் பள்ளத்தில் விழுந்து கையையோ காலையோ ஒடித்துக்கொண்டு வருவான். சசிகலாவின் அண்ணன் ராஜாக்கண்ணு மாந்தோப்புக் காவல் என்று சொல்லிவிட்டுப் போனவன். இன்னும் ஆந்திரா ஜெயிலில் இருக்கிறான்.

அதனால்தான் கல்யாணத்தின்போதே வேடியப்பன் மருமகனிடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். செம்மரக் கட்டை வெட்டப் போனால் மகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று ஊரார் முன்னால் சொல்லியிருந்தார். அந்தப் பைக்கு அர்த்தம் அதுதான்.

"உள்ள வந்து உக்காரு," என்றேன்.

பெஞ்சில் உட்காரவைத்து லுங்கியை முட்டிவரை ஏற்றினேன். முட்டி பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. எண்ணெய் வாசனை தூக்கியது.

"எண்ணெ போட்டு உருவினது யாரு?"

"மாமா," என்றான் நவீன்குமார்.

வேடியப்பனைப் பார்த்தேன். "ஏங்க, மருமகன் பேச்ச நம்பல. அப்புறம் கால மட்டும் எதுக்கு உருவி விட்டீங்க?"

"நம்பறது வேற, முட்டி வேற தம்பி."

"உருவினதாலதான் வீக்கம் ஏறியிருக்குது. இனிமே கை வைக்காதீங்க."

பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து துண்டில் சுற்றி முட்டிமேல் வைத்தேன். சில்லென்றதும் அவன் பல்லைக் கடித்தான். விழுந்தபோது 'டப்'பென்று சத்தம் கேட்டதா என்றேன். இல்லை என்றான். வீக்கம் உடனே வந்ததா, மறுநாள் வந்ததா? மறுநாள். நடக்கும்போது முட்டி மாட்டிக்கொள்கிறதா? இல்லை. பாதத்தைப் பிடித்துக் காலை மெதுவாக மடக்கி நீட்டினேன். கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தேன், கழன்று வரவில்லை. முட்டியின் உள்பக்கத்தில் ஓரிடத்தில் விரல் வைத்தபோது மட்டும் துள்ளினான்.

"எலும்பு உடையல. உள்பக்கம் ஜவ்வு கொஞ்சம் இழுத்துகினு இருக்குது. காலு உள்ள திரும்பியிருக்குது. சின்ன அடிதான்."

"அத கேக்கல தம்பி," என்றார் வேடியப்பன். "காட்டுல திரும்பிச்சா, வானத்துல திரும்பிச்சா?"

"அத முட்டி சொல்லாதுங்க."

அது உண்மை. ஆனால் நானும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். நவீன்குமார் சொன்னபடி, கர்நாடகா எல்லைப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்தில் விமானத்திலிருந்து குதித்துக் காட்டும் கேம்ப் இருக்கிறதாம். அங்கே புல் வெட்டுவது, இறங்கினவர்களின் பாராசூட் துணியைச் சுருட்டி எடுத்துவருவது இவன் வேலையாம். போகும்போதும் இதையேதான் வீட்டில் சொல்லியிருக்கிறான். சரி. போட்டோ எங்கே? போனை வேலை நேரத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். வீடியோ? அவர்கள் எடுத்தார்களாம், தரவில்லையாம். ஊருக்கு எப்படி வந்தாய்? கேம்ப் காரில் கொண்டுவந்து ரோட்டோரம் இறக்கிவிட்டார்களாம். காசு உள்ளவர்கள் பணம் கட்டிக் குதிக்கிற இடத்தில், புல் வெட்டுகிறவனை எவன் சும்மா ஏற்றுவான்? ஒவ்வொரு பதிலும் புரோக்கர் சொல்லிக்கொடுத்த பதில் மாதிரியே இருந்தது.

"கேம்ப் நம்பர் இருக்குதா?" என்றேன்.

இருந்தது. என் போனிலிருந்து அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். தமிழ்தான். குரலில் தேன் வடிந்தது. புக்கிங்கா என்றாள்.

"புக்கிங் இல்லங்க. உங்ககிட்ட வேலை செய்யற நவீன்குமாருக்கு முட்டியில அடிபட்டிருக்குது. அது விஷயமா..."

நான் முடிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"நடக்கிறாரா?" என்றாள். உடனே, "சார், அந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செய்யல. இங்க யாருக்கும் அடிபடல. ராங் நம்பர்," என்று வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தேன். ரிங் போகவேயில்லை.

நவீன்குமாரின் முகம் வெளுத்துவிட்டது. "ரெனி மேடம்தாண்ணா அது. தினம் எனக்கு டீ குடுத்தவங்க. அவங்களா இப்பிடி..."

"போதும்டா," என்று எழுந்தார் வேடியப்பன். பையைத் தூக்கினார். "சசி, கெளம்பு."

"மாமா, சத்தியமா..."

"சத்தியம் ஒருவாட்டி பண்ணியே, பத்தாதா?" அவர் குனிந்து நவீன்குமாரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். ஒரு பட்டன் தெறித்து பெஞ்சுக்கடியில் உருண்டது. "இது இன்னாடா? தம்பி, நீயே பாரு. கட்டை சொமந்த தோளு."

தோளில் கன்றிப்போன பட்டை இருந்தது. நீலமும் மஞ்சளுமாக, மூன்று விரல் அகலம். சசிகலா அதைப் பார்த்தாள். அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

ஆனால் பழக்கம் விடவில்லை. மறு தோளையும் திறந்து பார்த்தேன். அங்கேயும் பட்டை. அதே மூன்று விரல், அதே இடம், அச்சு எடுத்த மாதிரி.

மரம் சுமக்கிறவன் ஒரு தோளில் சுமப்பான். வலித்தால் மாற்றிக்கொள்வான். ஆனால் தோல் இப்படி ஓரம் நறுக்கின மாதிரி கன்றாது, உரிந்து தடித்திருக்கும். இது பெல்ட்.

"குதிக்கறதுக்கு முன்னாடி உன்ன எங்கெங்க கட்டினாங்க?"

"தோளு, நெஞ்சு..." நிறுத்தினான். "தொடை."

"காட்டு."

"இங்கயாண்ணா?"

"இல்ல, கோயில்ல போயி காட்டு. தூக்குடா லுங்கிய."

மாமனார் முன்னால் அவனுக்கு வெட்கம். பாதி திரும்பிக்கொண்டு தூக்கினான். இரண்டு தொடையின் உள்பக்கத்திலும், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, அதே பட்டை. பாராசூட் விரியும்போது மொத்த உடம்பும் அந்த பெல்ட்டில்தான் தொங்கும். ஒரு வெட்டு வெட்டி இழுக்கும்.

"பாத்துக்கங்க," என்றேன் வேடியப்பனிடம். "தொடையிடுக்குல வெச்சு எவனும் கட்டை சொமக்கமாட்டான்."

பெரியவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். பிறகு மறுபடி குனிந்து பார்த்தார்.

சசிகலாதான் முதலில் பேசினாள். "அந்தப் பொண்ணு, நடக்கறாரான்னு கேட்டா."

"எப்ப?" என்றார் அவள் அப்பா.

"பேரு சொன்னதுமே. யாருன்னே தெரியாத ஆளு நடந்தா இன்னா, படுத்தா இன்னா? எதுக்கு கேட்டா?"

நான் கவனிக்கத் தவறியது அது. ஐஸைத் துண்டோடு இடம் மாற்றி வைத்தேன்.

"எப்பிடி விழுந்த? சரியா சொல்லு," என்றாள் கணவனிடம்.

"பின்னாடி ஒருத்தரு என்ன சேத்து கட்டிகினு குதிச்சாரு. மேல ஒண்ணுமில்ல சசி, காத்துதான். கண்ணு, மூக்கெல்லாம் தண்ணி. அப்புறம் கொட விரிஞ்சுது. கீழ வர்றப்ப கால தூக்கு, கால தூக்குன்னு கத்தினாரு. நீட்டி தூக்கிகினா குந்திகினே வழுக்கிடலாமாம். எனக்கு தரை வர்றத பாத்தா..." அவன் தன் இடது காலைப் பார்த்தான். "காலு தானா எறங்கிடுச்சு."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "புளியமரத்துல இருந்தும் அப்பிடித்தான் குதிப்பான் நைனா. எடது கால முன்னாடி நீட்டி. போன வருசம்கூட திட்டினேன்."

மரத்திலிருந்து இறங்குகிறவனுக்குத் தரை வந்தால் கால் இறங்கும். சின்ன வயதிலிருந்து உடம்பு படித்தது அது. ஆனால் மரத்திலிருந்து குதிக்கும்போது முதுகில் இன்னோர் ஆள் தொங்குவதில்லை. இரண்டு பேரின் எடையும் அந்த ஒற்றை முட்டியில் இறங்கியிருக்கிறது. இவ்வளவோடு போனது ஆச்சரியம்.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. "உன்ன எதுக்கு சும்மா ஏத்தினாங்க?"

"கட்டிகினு குதிச்சவரு புதுசு. கத்துகினு இருக்கறவரு. பழகறதுக்கு ஒரு ஆளு வேணும், வர்றியான்னாங்க."

"எடைக்கு கட்டற மூட்டைக்கு பதிலா," என்றேன்.

அவன் அதை அப்படி யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில கேட்டா இன்னா சொல்ல சொன்னாங்க?"

"படிக்கட்டுல விழுந்தேன்னு."

படிக்கட்டு. எதிர்பார்த்ததுதான்.

"படிக்கட்டுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே," என்றாள் சசிகலா.

"உன்கிட்ட பொய் சொல்ல வாணாம்னுதான்."

"நல்லா சொன்ன போ. மூட்டையா போயிட்டு வந்து பேசறான் பாரு பேச்சு." அவள் குரல் உடைந்ததோ என்று பார்த்தேன். இல்லை. கோபம்தான். பெஞ்சுக்கடியில் கிடந்த பட்டனைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முட்டிக்குக் கீழிருந்து மேலாகக் கிரேப் பேண்டேஜ் சுற்றினேன். ரொம்ப இறுக்கவில்லை. வலிக்கு மாத்திரை கொடுத்தேன். காலை உயரமாக வைக்க வேண்டும், ஐஸ் வைக்க வேண்டும், கொஞ்ச நாளைக்கு மரம் ஏறக் கூடாது, எண்ணெய் கூடவே கூடாது என்று சொன்னேன். வீக்கம் வடியாவிட்டால் போளூரில் காட்டச் சொன்னேன்.

"வடியட்டும் வடியாம போகட்டும், இப்பவே போறோம்," என்றாள் சசிகலா.

"சின்ன அடிதான்னு தம்பி சொல்லுதே," என்றார் வேடியப்பன்.

"முட்டிக்கு இல்ல நைனா. அந்தப் பொண்ணு, இப்பிடி ஒரு ஆளே இல்லன்னு சொல்லிட்டா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எழுதட்டும், இந்த ஆளு இந்த எடத்துல ஏரோப்ளேன்ல இருந்து விழுந்தான்னு. நாளைக்கு காலு வளைஞ்சு போனா யார போயி கேக்கறது?"

"எவன் நம்புவான்?"

"நம்பலன்னா லுங்கிய தூக்கிக் காட்டட்டும்."

நவீன்குமார் என்னைப் பார்த்தான். நான் பேண்டேஜ் கவரைக் குப்பையில் போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

போளூருக்குப் போகும் ஜீப்பை நானே கைகாட்டி நிறுத்தினேன். சசிகலா அவன் கையைத் தன் தோளில் போட்டு ஏற்றிவிட்டாள். பின்சீட்டில் குறுக்காக உட்காரவைத்தாள். காலை உயர்த்த ஒன்றும் அகப்படவில்லை. அப்பாவின் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கி அவன் குதிகாலுக்கடியில் திணித்தாள். பெரியவர் வெறும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்சீட்டில் ஏறப் போனவர் திரும்பி என் கடைப் படிக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கட்டை வெட்டறவனுக்கு தொடையில பட்டை வுழாதுன்னு சொன்னியே."

"வுழாதுங்க."

"நீ வெட்டறவன் தொடைய பாத்திருக்கியா?"

ஜீப் ஹாரன் அடித்தது. அவர் பதிலுக்காக நின்றார். நான் பார்த்ததில்லை.