வச்சிடுறேன்

கருவேலங்குளம் வட்டாரத்தில் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு வந்தால் வீடுகளைத் திருத்துவார்கள். இரண்டு பேர் இருந்தால் முழு வீடு. ஒருவர் என்றால் நிலையும் கதவும் மட்டும். யாருமில்லை என்றால் வெறும் மண். எதிர்வீட்டு மூக்காயி போன கணக்கெடுப்பிலிருந்து நிலைக்குள்தான் நிற்கிறாள். மழைக்குக் குடை வைத்திருக்கிறாள்.

ஊரில் பாதிப்பேர் திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள். அவர்களுக்கும் விதி இருந்தது. கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்றவர் கணக்கில் உண்டு. "போறேன்" என்றவர் கணக்கில் இல்லை.

இருளாயியின் கணவன் சேதுராசு, பஸ் பின்னால் ஓடிக்கொண்டே "போறேன்" என்றுதான் கத்தினான். கணக்கெடுப்பாளர் பரஞ்சோதி அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். பின்சுவர் அதற்குள் ஒரு முழம் நகர்ந்து வந்திருந்தது.

"வீட்டுக்காரர் என்னம்மா சொல்லிட்டுப் போனாரு?"

"போயிட்டு வாரேன்னுதான் சார்."

"நானும் கேட்டேன்!" என்று மூக்காயி கத்தினாள்.

"கதவெல்லாம் சாட்சி சொல்லக்கூடாது."

"சொன்னா என்ன, தாப்பாளைப் புடுங்கிருவியளோ?"

பரஞ்சோதி திரும்பவில்லை. "அவருக்கே போன் போடுங்கம்மா. முடிக்கிறப்ப என்ன சொல்றாரோ அதான் கணக்கு. எடுத்துக் குடுத்தா செல்லாது."

தையல் மிஷின்களின் இரைச்சலுக்குள் சேதுராசு பேசினான்.

"என்னடி? ஆடு தண்ணி குடிக்குதா?"

"குடிக்குது. வேற ஏதாச்சும் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? சூப்பர்வைசர் பாக்குறான். வச்சிடுறேன்."

பரஞ்சோதி படிவத்தைப் புரட்டினார். ஆள் கட்டத்தில் அந்தச் சொல் இல்லை. பொருள் கட்டத்தில் இருந்தது.

"என்னத்த வச்சாரு? காட்டுங்க."

சுவர் அவள் முதுகைத் தொட்டது. பீரோவும் கிரைண்டரும் அவள் பிறந்த வீட்டுச் சீர் என்று முன்பே எழுதியாகிவிட்டது.

"என்னையத்தான் சார் வச்சிட்டுப் போயிருக்காக."

"அப்படிச் சொல்லுங்க." அவர் முகம் தெளிந்தது. சாக்பீஸால் பீரோவில் ஒன்று என்று போட்டார். கிரைண்டரில் இரண்டு. அவள் தோளில் மூன்று. பிறகு விதிப்படி வாசலுக்குப் போய் நின்றார்.

"வீட்ல யாராச்சும் இருக்கீங்களா?"

"ஏய் இருளாயி, பதில் சொல்லுடி!" என்று மூக்காயி அலறினாள்.

இருளாயி வாயைத் திறந்தாள். எண்ணெய் போடாத பீரோக் கதவின் சத்தம் வந்தது.

பரஞ்சோதி இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். ஆள் கட்டத்தில் சுழியம் போட்டுப் பேனாவை மூடினார்.