திறந்தே கிடந்த கன்சோல்

என் கணவனும் நானும் ஒரே அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர்கள். நான்கு மாதத்துக்கு முன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றல் வாங்கினான். நான் வரமாட்டேன் என்றேன். அவன் தனியாகக் கிளம்பிப் போனான். அதோடு பேச்சு நின்றது. அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். நான் மட்டும் என்ன, சளைத்தவளா? ஆனாலும் ஃபோன் அடித்தால் அவனாக இருக்குமோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவனாக இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை, விடுப்பு விண்ணப்பங்கள் ஓடும் கெஸ்ட் நெட்வொர்க் அறுந்து நின்றுவிட்டது. கெஸ்ட் என்றால், பெரிய சர்வருக்குள் குடியிருக்கும் மெய்நிகர் கணினி. எது நின்றாலும் பொறுப்பார்கள், லீவு நின்றால் பொறுக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட கெஸ்டுக்குள் போக ஒரே வழி சீரியல் கன்சோல், நெட்வொர்க் இல்லாமலே சர்வர் வழியாக நுழையும் பின்வாசல். அதை அமைத்தது நாங்கள்தான். சர்வரில் அதற்கான இணைப்பை நான் சேர்த்தேன். கெஸ்டுக்குள் நடப்பதில் எதெல்லாம் அதில் வரிவரியாக வந்து விழவேண்டும் என்று அவன் அமைத்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகமுடியும்.

போனால், ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்றது திரை. அவன் பெயர். நூற்றுப் பதினெட்டு நாளாக இருக்கிறான். அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போகிறவன்தானே, வெளியே வர மறந்து தொலைத்திருக்கிறான் என்று திட்டினேன். திட்டிக்கொண்டே அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டிடத்தில் அவன் மிச்சம் இருந்தது அங்கே மட்டும்தான். வெட்ட மனம் வரவில்லை. மேலாளர் மூன்றாவது முறை வந்து நின்றபோது, கட்டளையைக் கொடுத்து அவனை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

நெட்வொர்க்கைப் பாதி சரிசெய்திருப்பேன், ஃபோன் அடித்தது. அவன்தான்.

"கன்சோலை வெட்டினது நீயா?"

ஆமாம், மறந்துபோய் நாலு மாதமாக அடைத்துவைத்திருந்தால் வேறென்ன செய்வது என்றேன்.

"மறக்கல. நீ காலையில அந்த கெஸ்ட்ல லாகின் பண்ணா உன் பேரோட ஒரு வரி கன்சோல்ல விழும். அதைப் பார்த்துட்டுதான் எழுந்து வேற வேலைக்குப் போவேன். போன மாசம் மூணு நாள் வரியே வரல. உடம்புக்கு என்ன?"

காய்ச்சல். தனியாகப் படுத்துக் கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"அப்பவே ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே," என்றேன்.

"பண்ணியிருந்தா எடுத்திருப்பியா?"

எடுத்திருக்கமாட்டேன். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"இந்த வேலை முடிய அஞ்சு நிமிஷம் ஆகும்," என்றேன். "ஃபோனை வெச்சிடாதே."