தடிமன் எண்டு சொல்லுங்க

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். கிண்ணியாப் பரீதாவுக்கு இருந்த வாய்க்கு வங்காளம் போய், அங்கே நாலு பேரோடு சண்டையும் பிடித்துத் திரும்பி வந்திருக்கலாம். மீன்காரன் அவளிடம் விலை சொல்ல முந்தி ஒருக்கா யோசிப்பான். கிராம சேவகர் அவளைக் கண்டால் சைக்கிளை மற்ற ஒழுங்கையால் திருப்புவார். ஏலாத பிள்ளையைப் பெற்றவளுக்கு வாயும் இல்லாவிட்டால் இந்த நாட்டில் என்னதான் கிடைக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்.

அவளுடைய மகன் றுவைஸுக்கு ஏழு வயது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் வந்த மூளைவாதம். கை கால் முறுக்கிக்கொள்ளும், கழுத்து நிற்காது, கதை பேச்சு இல்லை. ஆனால் சிரிப்பான். கரண்டியைக் கண்டால் போதும், முகம் முழுக்கச் சிரிப்பான், அப்படி ஒரு பசிக்காரன். தகப்பன் பாயிஸ் மீன் லொறியில் கொழும்புக்கு ஓடுகிறவன். அதனால் தூக்குவது, கழுவுவது, ஊட்டுவது எல்லாம் பரீதாதான்.

கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. மூளைவாதம் உள்ள பிள்ளைகள் எப்படி வளருகிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், என்ன நோய் வருத்தம் வருகிறது என்று இரண்டு வருஷம் பார்க்கப் போகிறார்களாம். இடைக்கிடை வான் அனுப்பித் தாய்மாரையும் பிள்ளைகளையும் திருகோணமலை டவுனில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே டிலக்ஷி இருப்பாள், உவர்மலைப் பெட்டை, தங்கமான குணம். தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தராசில் ஏற்றி நிறுப்பாள். பிள்ளையின் காலை அளப்பாள். பிறகு கதிரையில் இருத்திக் கேள்வி கேட்பாள். சாப்பிடும்போது பிள்ளை இருமுறதா, புரைக்கேறுறதா, நெஞ்சில் சளி கட்டுறதா?

முதல் தரமே எல்லாம் பிழையாகிப் போனது. மூதூர் நஜ்முன் நிஸா ஒன்றும் ஒளிக்கத் தெரியாதவள். ஓம் மிஸ், ஒவ்வொரு வாய்க்கும் இருமுறாள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அன்றைக்கே பிள்ளையை ஆசுபத்திரியில் மறித்து மூக்கால் குழாய் விட்டார்கள். நீ பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறியா இல்லையா என்று ஒரு தாதி வார்டுக்கே கேட்க ஏசினாள். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை உயிர் போய், மௌத்தாகித்தான் வீட்டுக்கு வந்தது. குழாயால் போனதா, முந்தியே இருந்த வருத்தத்தால் போனதா, யாருக்குத் தெரியும்? பெற்றவளை ஒரு கதிரையில் இருத்தி நாலு வார்த்தை விளங்கப்படுத்த அங்கே ஒருத்தருக்கும் நேரம் இருக்கவில்லை.

அடுத்த தரம் வானில் பரீதா முன் சீற்றில் இருந்தபடி பின்னால் திரும்பி வகுப்பெடுத்தாள்.

"இருமலோ எண்டு கேட்டா தடிமன் எண்டு சொல்லுங்க. சும்மா மூக்குச் சளி, வேற ஒரு கதையும் வேணாம். உள்ளதைச் சொன்னா குழாய் விடுவாங்க. இல்லாட்டி தாய் ஒழுங்காப் பாக்கிறாளில்ல எண்டு புள்ளையப் பறிச்சு எங்கயாவது இல்லத்தில போடுவாங்க."

அதோடு நின்றாளா? நிறுக்கிற நாளில் பிள்ளைக்கு வயிறு முட்ட ஊட்டிக்கொண்டு வரச் சொன்னாள். கஞ்சியில் வாழைப்பழம் பிசைந்து கொடுத்து, மேலே தண்ணியும் பருக்கிவிட்டால் தராசு நல்லாகக் காட்டுமாம். தாய்மார் தலையாட்டினார்கள். கப்பல்துறையில் ஏறுகிற கிறேஸ் மட்டும், மகன் றொமேஷை மடியில் அணைத்துக்கொண்டு, பொய் சொல்லுறது பாவமில்லையோ அக்கா என்று இழுத்தாள். பிள்ளையைக் காப்பாத்தச் சொல்லுற பொய்க்கு உங்கட மாதாவும் கோவிக்க மாட்டா என்றாள் பரீதா. வானே சிரித்தது. அன்றிலிருந்து கிறேஸ் அவளுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி ஆகிவிட்டாள்.

இரண்டு வருஷமும் அப்படியே ஓடியது. யாரைக் கேட்டாலும் தடிமன்தான். டிலக்ஷியும் எழுதிக்கொண்டே போனாள். தாய் ஒருத்தி தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

போன மாரியில் றுவைஸ் படுக்கையில் விழுந்தான். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் பானையில் தண்ணி கொதிக்கிற மாதிரிச் சத்தம். ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினாள். சுகமாகி வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நாளில் திரும்பவும் அதே காய்ச்சல், அதே வார்டு. மூன்றாம் முறை ஹஸ்மி என்ற இளம் டொக்டர் அவளைப் பக்கத்தில் இருத்தி, எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். நெஞ்சில் வெள்ளை வெள்ளையாய்க் கிடப்பது என்ன என்று தெரியுமா என்று கேட்டார். சளி என்றாள் பரீதா.

"சளியில்ல ராத்தா. நீங்க ஊட்டுற கஞ்சி. விழுங்கத் தெரியாம பாதி நெஞ்சுக்குள்ள போகுது."

 நிறுக்கிற நாள் காலையில் அவள் ஊட்டிய ஊட்டு! போதும் போதும் என்று பிள்ளை முகத்தைத் திருப்பியபோதும் நாடியைப் பிடித்துத் திருப்பிப் பருக்கினாளே. அல்லாஹ்வே, என் கையாலயா, என்று வார்டு வாங்குப் பலகையிலேயே இருந்து அழுதாள். அழுது முடியுமட்டும் ஹஸ்மி எழும்பிப் போகவில்லை.

பிறகு அவர் விளங்கப்படுத்தினார். எது வயிற்றுக்குப் போகிறது, எது நெஞ்சுக்குப் போகிறது என்று படம் பிடித்துப் பார்த்தால்தான் எப்படி ஊட்டுவது, ஊட்டலாமா என்றே சொல்லலாம். அதற்கான கருவியும் பழகிய ஆட்களும் கொழும்பில்தான். இந்த நெஞ்சோடு பிள்ளை அவ்வளவு தூரம் தாங்க மாட்டான். ஆனால் அந்த ஆராய்ச்சிக் குழு ஒரு மாவட்டத்தில் இப்படி ஒரு விழுங்கல் கிளினிக் திறக்கப்போகிறது. எங்கே கூடுதலாகத் தேவையோ அங்கே வரும், அது இங்கே வந்தால் றுவைஸைத்தான் முதலில் காட்டுவேன் என்றார். இன்னொரு தரம் நெஞ்சில் போனால் மீட்பது கஷ்டம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. மூக்குக் குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். றுவைஸ் உடம்பை முறுக்கிய முறுக்கில் அது கழன்று விழுந்தது. திரும்பப் போட்டார்கள், திரும்பவும் கழன்றது. கடைசியில் நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொல்லிக் கரண்டியிடமே விட்டுவிட்டார்கள்.

ஆராய்ச்சி முடிவைச் சொல்லும் கூட்டத்துக்குப் பரீதா அந்தக் கிளினிக் ஒன்றையே நெஞ்சில் சுமந்துகொண்டு போனாள். மண்டபத்தில் பட்டர் கேக்கும் பால் தேத்தண்ணியும் வைத்திருந்தார்கள். கொழும்புப் பெரிய டொக்டர் ஆங்கிலத்தில் பேசினார், டிலக்ஷி தமிழில் சொன்னாள். இந்த மாவட்டத்துத் தாய்மாரைப் பாராட்ட வேணுமாம். பிள்ளைகள் நிறை கூடியிருக்கிறார்களாம். சாப்பிடும்போது இருமல், புரைக்கேறல் இங்கே மிகமிகக் குறைவாம். ஆகவே விழுங்கல் கிளினிக்கைக் கூடுதலாகத் தேவையுள்ள வேறு மாவட்டத்துக்குக் கொடுக்கிறார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். தாய்மாரும் தட்டினார்கள், பாவங்கள்.

பரீதா றுவைஸைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"மிஸ், நாங்க சொன்னதெல்லாம் பொய்."

ஒன்றும் விடாமல் சொன்னாள். வானில் தான் எடுத்த வகுப்பு, தடிமன் என்ற பதில், தராசுக்காகப் பருக்கிய தண்ணி, மகனின் எக்ஸ்ரே, எல்லாம். இங்கே இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் இருமுறவங்கள்தான், வேணுமெண்டால் இவங்களைக் கேளுங்க என்று கையை நீட்டினாள். டிலக்ஷியின் முகம் வெளுத்தது. அவள் மேடையை விட்டு இறங்கி வந்து ஒவ்வொரு தாயாகக் கேட்டாள். ஒருத்தி இல்லை என்றாள். அடுத்தவள் தலையைக் குனிந்தபடி இல்லை என்றாள். எல்லோருக்கும் நஜ்முன் நிஸாவின் பிள்ளை வீட்டுக்கு வந்த விதம் கண்ணுக்குள் நின்றது. ஒருத்தர் மாறி ஒருத்தர் இல்லை என்று சொல்லச் சொல்ல, பரீதா கடைசி வரிசையில் இருந்த கிறேஸைப் பார்த்தாள். அவளாவது சொல்வாள்.

கிறேஸ் கேக்கைத் தேத்தண்ணியில் தோய்த்து றொமேஷுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். டிலக்ஷி கிட்டப் போகும்போதே றொமேஷ் இருமினான். கண் பிதுங்க, உதடு நீலம் பாரிக்க, மண்டபம் முழுக்கக் கேட்க இருமினான். கிறேஸ் அவன் முதுகைத் தடவினாள். பரீதா இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"தடிமன் மிஸ்," என்றாள்.

பெரிய டொக்டர் இரக்கத்தோடு ஏதோ சொன்னார். மகன் வருத்தமாக இருப்பதால் அம்மா மனம் கலங்கியிருக்கிறா, அவவோடு பிறகு தனியாகக் கதைப்போம் என்று டிலக்ஷி தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் றொமேஷிடமே நின்றது. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

கூட்டம் முடிந்து எல்லோரும் வானில் ஏறினார்கள். சீனன்குடா தாண்டியதும் கிறேஸ் மெல்ல வாயைத் திறந்தாள்.

"நீங்கள்தானே அக்கா சொல்லித் தந்தனீங்கள். இப்ப உங்கட பிள்ளைக்கு ஏலாமப் போனவுடன, எங்கட பிள்ளையளையும் குழாய்க்குக் குடுக்கச் சொல்லுறீங்கள்."

 ஹஸ்மி டொக்டர் விளங்கப்படுத்தியதையெல்லாம் கிறேஸுக்குச் சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் பரீதா சொல்வதை நம்பலாமென்று இனி யார் சொல்வது? கிறேஸ் கப்பல்துறையில் போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப்போனாள். றொமேஷின் இருமல் வானுக்குள் இருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் கேட்டது.

வீட்டுக்கு வரப் பொழுது பட்டு, மஃரிபு பாங்கும் சொல்லிவிட்டார்கள். றுவைஸ் பசியில் சிணுங்கத் தொடங்கினான். பரீதா குசினிக்குள் போய்க் கஞ்சியைக் காய்ச்சி, தடிப்பாக வரும் வரைக்கும் கிண்டி, ஆற வைத்தாள். மகனை நெஞ்சோடு நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டாள். முதுகுக்குள் அந்தக் களகளப்பு திரும்பவும் தொடங்கியிருப்பது அவளுடைய கைக்குத் தெரிந்தது. ஊட்டினால் நெஞ்சுக்குப் போகும். ஊட்டாவிட்டால் பிள்ளை பட்டினி. கரண்டியைக் கஞ்சிக்குள் விட்டபடி அப்படியே இருந்தாள்.

கரண்டியைக் கண்டதும் றுவைஸ் முகம் முழுக்கச் சிரித்து வாயைத் திறந்தான். பரீதா பிஸ்மி சொல்லி ஊட்டினாள்.