கோபமறியாச் செம்மல்

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த கணவரின் சட்டைப் பித்தானை ஜெயமாலா போட்டுக்கொண்டிருந்தபோது, கொழுந்தன் ரஞ்சன் கைப்பேசியை நீட்டினான்.

“அண்ணி, நாளைக்குப் பேப்பர்ல போடற அஞ்சலி. நானே எழுதினேன். பாருங்க.”

தடித்த கறுப்புக் கட்டத்துக்குள் சிவேந்திரனின் படம். கீழே கவிதை. குணக்கடலே, கல்விக் குன்றே, கோபமறியாச் செம்மலே.

ஜெயமாலா தயங்கினாள். சிவேந்திரன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். அவர் ஆராய்ந்ததே இரங்கற்பாக்களைத்தான். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனில் பெரிய மனிதர் யாராவது கண்ணை மூடினால், ஒற்றைத் தாளில் கறுப்புக் கரையிட்டுப் பாட்டு அச்சடித்துத் தெருவில் விற்பார்களாம். இங்கே பிரிக்பீல்ட்ஸில், இதே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவற்றை வாசித்து வாசித்துச் சிரிப்பார்.

“இவனும் உத்தமன்தான் மாலா. லண்டன்ல ஒரு கெட்டவன்கூட சாகவே இல்ல லா! எனக்கு மட்டும் இப்படி எதுவும் போட்டுடாத. ப்ராமிஸ் பண்ணு.”

அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றிருந்தாள்.

“பேரும் தேதியும் போதும், ரஞ்சன். பாட்டெல்லாம் வேணாம்னு அவரு சொல்லியிருக்காரு.”

ரஞ்சன் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினான். போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி சூப்பர்வைசர் அவன். கவிதை எழுதுவான் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். ஒவ்வொரு வரியாக அழித்துவிட்டுக் காட்டினான். பெயர், தேதி. யாரோ ஒருவருடைய அறிவிப்பைப் போலிருந்தது.

“ஆஸ்பத்திரில உக்காந்து எழுதினேன் அண்ணி. வேற என்ன செய்றதுன்னு தெரியல.”

ஜெயமாலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“திரும்பப் போடு. அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா ‘கோபமறியா’வ எடுத்துடு. தெருவே சிரிக்கும்.”

ரஞ்சனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப என்ன போடறது?”

“கத்துவாரு. கத்திட்டு அவரே போயி தேத்தண்ணி கலக்கி எடுத்துட்டு வருவாரு. எனக்குத்தான் முதல்ல.”

அவன் மெதுவாகத் தட்டினான். கோபித்த கையோடு தேநீர் தந்தவரே.

“மத்த வரியோட ஒட்டல அண்ணி.”

“இருக்கட்டும்.”

“அண்ணனுக்கு ஒருவாட்டி வாசிச்சுட்டு அனுப்பறேன்.”

பெட்டியருகே குனிந்து முதல் வரியைத் தொடங்கினான். குரல் வாசல்வரை எட்டவில்லை. வாசலில் மாலையோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜெயமாலா எழுந்துபோய், கடகடவென்று சுற்றிய மின்விசிறியை நிறுத்தினாள்.