ஒமேருக்குக் கொடுத்த காளான்

நெரிஸ் கத்தியை எடுத்து வர மறந்துவிட்டாள். அதனால்தான் அன்று காலை காளானைக் கையாலேயே பிடுங்க வேண்டியதாயிற்று. ஈர மண்ணிலிருந்து அது முழுசாக வந்தது. தண்டின் அடியில், உடைந்த முட்டை ஓடு போல, ஒரு வெள்ளைக் கிண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஊரில் பொறுக்கும் காளானுக்கு அடியில் அப்படிக் கிண்ணம் இருக்காது.

வேல்ஸில் அவள் வளர்ந்த ஊரில் செப்டம்பர் பிறந்தால் ஆடு மேயும் வயல்களில் காளான் பொறுக்குவது பல் தேய்ப்பது போல அன்றாட வேலை. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்குக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. முதியோர் இல்லத்து வேலைக்கு விடுப்பு என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டோரத்துக்கு வந்துவிடுவாள். நேற்று வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது, மூடுபனி வேறு. கண்ணாடி போட்டிருக்கவில்லை. குடை விரியாத வெள்ளை மொட்டுகள். பார்த்ததும் ஊர்க்காளான் என்றே நினைத்துக் கழுத்தோடு அறுத்துப் போட்டுக்கொண்டாள். அதில் பொறுக்கி எடுத்த நல்லவற்றைப் பக்கத்து வீட்டு ஒமேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தன் பங்கை இன்று மதியத்துக்கு என்று வைத்திருந்தாள்.

இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரிந்த ஒரு குடையைத் திருப்பிப் பார்த்தாள். அடிமடிப்புகள் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. நல்ல காளானுக்கு அங்கே இளஞ்சிவப்பு ஓடும். இது ஆளைக் கொல்லும் காளான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒமேர் வீட்டில் இல்லை. மூஸ் என்னும் பெரிய காட்டுமான் வேட்டைக்கு வருஷத்தில் ஐந்தே நாள் அனுமதி. குலுக்கலில் பெயர் விழ எட்டு வருஷம் காத்திருந்தவர், மைத்துனர் ஜில்பெரோடு விடியுமுன்னே கிளம்பிப் போயிருந்தார். முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்கே காளானை வெண்ணெயில் வதக்கிவிடுவேன் என்று நேற்று சொல்லியிருந்தார். அவருடைய கேம்ப் இருக்கும் இடத்தில் தொலைபேசி எடுக்காது.

மணி பத்தரை. பிடுங்கிய காளானை ஒரு காகிதப் பைக்குள் போட்டாள். ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்துச் சொன்னாள். கேம்புக்குப் போகும், மரம் ஏற்றும் லாரிப் பாதையில் தங்கள் வண்டி பாதிவரைதான் வரும், ஆளை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவர முடியுமா என்று அந்தப் பக்கத்துப் பெண் நிதானமாகக் கேட்டாள். நெரிஸ் பதில் சொல்லும்போதே காரைக் கிளப்பிவிட்டாள்.

பாதையின் இருபுறமும் மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன. வேறொரு நாளாக இருந்தால் நிறுத்திப் படம் எடுத்திருப்பாள். பதினோராவது கிலோமீட்டரில் மழை பாதையை அரித்துக்கொண்டு போயிருந்தது. ஒமேரின் ட்ரக் ஏறிப்போன தடம் தெரிந்தது. அவளுடைய சின்னக் கார் ஏறாது. இறங்கி நடந்தாள். சிறிது தூரம் போன பிறகுதான் தான் போட்டிருப்பது பழுப்புக் கோட்டு என்பது உறைத்தது. வேட்டை வாரத்தில், தூரத்திலிருந்தே ஆள் என்று தெரியும் ஆரஞ்சு நிறம் உடுத்தாமல் அந்த ஊரில் யாரும் மரத்தடிக்குக்கூடப் போகமாட்டார்கள். எங்கோ ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு "ஒமேர்" என்று கத்திக்கொண்டே ஓடினாள். மூச்சு வாங்கியதில் சத்தம் பாதிதான் வெளியே வந்தது.

கேம்ப் என்பது ஒற்றை அறை மரக்குடில். கதவு திறந்திருந்தது. அடுப்பில் வாணலி ஆறிக் கிடந்தது. அதில் வெண்ணெய் உறைந்த மஞ்சள் படிவு. மேசையில் அவள் கொடுத்த டப்பா காலி. வெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

பின்பக்கச் சதுப்பிலிருந்து பெண் மூஸ் ஆணை அழைக்கும் நீண்ட முனகல் கேட்டது. அது மூஸ் இல்லை, ஒமேர்தான். கூம்பு மாதிரி சுருட்டிய மரப்பட்டையை வாயில் வைத்து அவர் ஊதுவதைத் தோட்டத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். சத்தம் வந்த திசையில் புதரை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். கிளைகள் படபடவென்று முறிந்தன.

முப்பதடி தள்ளி ஒரு துப்பாக்கி வாய் நேராக அவள் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளால் கையைக்கூடத் தூக்க முடியவில்லை. துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. அதற்குப் பின்னால் தெரிந்த ஒமேரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"விரலை வச்சுட்டேன் நெரிஸ்," என்றார். குரல் கிழிந்திருந்தது. "விசைல விரல் வச்சுட்டேன். கொம்பு தெரியட்டும்னுதான் பொறுத்தேன். உனக்கென்ன பைத்தியமா?"

"காளானச் சாப்பிட்டீங்களா?"

"அதக் கேக்கவா இங்கிலாந்துக்காரி இத்தன தூரம் வந்தே?"

எப்போதும் அவர் அப்படிச் சொன்னால், வேல்ஸ் வேறு, இங்கிலாந்து வேறு என்று அவள் சண்டைக்குப் போவாள். இன்று போகவில்லை. பையைத் திறந்து காட்டிச் சொன்னாள். எல்லாவற்றையும் தாமே தின்றதாக அவர் ஒப்புக்கொண்டார். ஜில்பெருக்குக் காளான் ஆகாது. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டது, வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை, எட்டு வருஷக் குலுக்கலை இதற்காக விட முடியாது என்றார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் நின்ற ஜில்பெரும் சொன்னார்.

ஒன்பது வருஷத்தில் நெரிஸ் அந்த ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. இப்போது போய் ஒமேரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கினாள்.

"இது ஒடனே வலிக்காது. சாயங்காலம் வலிக்கும். வலிக்கறப்போ ஈரல் பாதி போயிருக்கும். அப்பறம் நல்லான மாதிரி இருக்கும். ஒரு வாரத்துல செத்துடுவீங்க. ட்ரக் சாவிய எடுங்க."

ஒமேர் ஜில்பெரைப் பார்த்துத் தலையசைத்தார். ஜில்பெர் சாவியை எடுத்தார்.

நெடுஞ்சாலையில் காத்திருந்த ஆம்புலன்ஸ் ஒமேரை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். இரு கையிலும் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். ஒமேர் நர்ஸோடு வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார். நெரிஸ் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி, ஆறு மணி. ஒருவேளை தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ, ஊரார் காலம் பூராவும் சொல்லிச் சிரிப்பார்களோ என்று தோன்றியது. அப்படியே ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஏழு மணிக்கு முன்பே ஒமேர் பேச்சைப் பாதியில் நிறுத்தி வயிற்றைப் பிடித்தார்.

நாலாம் நாள் அவர் கண் மஞ்சளாகிவிட்டது. டாக்டர் வராந்தாவுக்கு வந்து, இனி ஈரல்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். எதிர் நாற்காலியில் இருந்த ஜில்பெர் அன்றுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ஒரு காப்பி வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் அதைக் குடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள்தான் ஒமேர் சரியாகக் கண் விழித்தார். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துத்தான் குனிந்தாள்.

"டாக்டர்ட்ட சொல்லாத," என்றார். "இத்தன வயசுல அப்படி ஒரு ருசி நான் கண்டதில்ல."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவர் சிரித்தார், சிரிக்க முடியாமல் இருமினார்.

அக்டோபர் நடுவில் வீடு திரும்பினார். அதற்குள் மரங்கள் மொட்டையாகிவிட்டன. அந்த வருஷம் முழுக்க நெரிஸ் கடையில் விற்கும் காளானைக்கூடக் கையால் தொடவில்லை. ஒமேர் வாங்கினார். வதக்கும் வாசனை வேலி தாண்டி வரும்போதெல்லாம் அவள் ஜன்னலருகே வந்து, அவர் சமையலறை விளக்கு அணையும்வரை நின்றுகொண்டிருப்பாள்.