ஒட்டிய வால்

மார்ச் பதினான்காம் தேதி, காலை எட்டு மணி பத்து நிமிடம். விடியுமுன் தொடங்கிய தூறல் இன்னும் ஓயவில்லை. அருங்காட்சியகத்தின் பின்கட்டு அறையில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்பவள், ஊசியை அந்தரத்தில் நிறுத்தினாள். கற்பலகையில் பதிந்து கிடந்த கடல் ஊர்வன உயிரி ஒரு சாண்தான் இருக்கும். நீண்ட கழுத்தும், துடுப்பாவதா காலாகவே இருப்பதா என்று முடிவெடுக்காத கால்களுமாக, மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாக் கடலில் நீந்தியது. வழக்கம்போலத் தலையிலிருந்து தொடங்கியவள், மாசுமருவற்ற வாலைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். அந்தச் சுத்தமே அவளை உறுத்தியிருக்க வேண்டும். ஊசி பட்ட இடத்தில் வால் மாவாய் உதிர்ந்தது: இதை அருங்காட்சியகத்துக்கு விற்றவன் சாந்தில் செதுக்கி, சாயம் பூசி ஒட்டியது.

சுவரொட்டிக் கட்டோடு வந்த உதவியாள் தம்பி எட்டிப் பார்த்தான்.

"ஐயோ அக்கா, போஸ்டர்ல பாதி இடம் வாலுதானே! பல்லி மாதிரி அறுத்துக்கிட்டு ஓடிடுச்சுன்னு சொல்லிடுவோமா?"

"வாயை மூடுடா."

புதைபடிவத்தைக் காட்சிக்கு வைக்கும் கண்ணாடிப் பேழையைப் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். இயக்குநர் கையொப்பமிடாமல் அவள் இனி ஒரு துகளையும் அகற்றக் கூடாது. மூடிவிட்டால் அந்தப் பொய் அவளுடைய வேலையாகவே அங்கே நிற்கும். அவள் தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட இயக்குநர், குடையை மடக்கக்கூட மறந்து உள்ளே வந்தார்.

"நாளைக்குத் திறப்பு விழா. இப்போ போய் வாலு பொய்னு சொல்றீங்களேம்மா! ஏமாந்துட்டோம்னு ஊரே சிரிக்கும். பேசாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

உருப்பெருக்கியின் கீழே, சாந்து உதிர்ந்த இடத்தில், உண்மையான வால் பாதியிலேயே முடிந்திருந்தது.

"உடைஞ்ச எலும்பு. அவ்வளவுதானே?"

"உடைஞ்சா கூரா நிக்கும் சார். இது மழுங்கி, மூடி வளர்ந்திருக்கு. ஏதோ கடிச்சிருக்கு, அப்புறம் ஆறியிருக்கு. வாலைத் தொலைச்சிட்டும் பிழைச்சிருக்கு."

அவர் நிமிரவில்லை. குடையிலிருந்து நீர் அவருடைய செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாலில்லாமலா நீந்துச்சு?"

"எப்படியோ நீந்தியிருக்கு. இல்லேன்னா ஆற நேரம் ஏது?"

"அப்போ இதைத்தான் வித்த அந்தப் பாவி மறைச்சிருக்கான்" என்றவர், தம்பியின் பக்கம் திரும்பினார். "போஸ்டரை என்னப்பா பண்றது?"

"கத்திரிக்கோல் இருக்கு சார்."

அவர் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். மேசையோரத்திலேயே நின்று எழுதினார்: 'போலிப் பகுதியை முழுவதும் நீக்க அனுமதிக்கிறேன். காயம் ஆறியதைப் பார்வையாளருக்கும் விளக்குக.' கையொப்பமிட்டுத் தாளை நீட்டினார். வாங்கிய அவள் விரலிலிருந்த வெண்சாந்துத் துகள் ஈரம் காயாத மையில் படிந்தது. இருவருமே அதை ஊதித் தள்ளவில்லை.